கட்டம் கட்டமாக வந்த மருந்துச் சீட்டு

கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேரையும் நான் பார்த்ததில்லை. நான் நாற்காலியைக் காலி செய்த பிறகு வந்திருக்கிறீர்கள். எந்தக் கட்டளையை எங்கே அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன். அது இருக்கும் இடமும் உங்களுக்குத் தெரியும். எழுதாமல் வந்தது ஒன்று உண்டு. நான் செய்த ஒரு தவறு. ஆவணத்தில் அது நான்கு வரியாக இருக்கிறது: என்ன கோளாறு, என்ன காரணம், எப்படிச் சரி செய்யப்பட்டது, எத்தனை நேரம் ஆயிற்று. நான்கு வரியும் உண்மைதான். ஆனால் அதைப் படித்து ஒருவரும் எதுவும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

ஐம்பத்தொரு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டபோது, அந்தச் சம்பவத்தால்தானே என்று இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு இருபது வருடம் பஸ்ஸில் போய் வந்தது போதும் என்று முதுகு சொன்னது, அவ்வளவுதான். வேலை எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் நினைத்தால் மனம் நிறைந்துதான் இருக்கிறது. அந்த இருபது வருடத்தில் மூன்று நாட்கள் மட்டும் வேறு மாதிரி.

குழந்தைகள் மருத்துவமனையில் கணினிப் பிரிவுக்கு என்ன வேலை என்று என் மகளே பல முறை கேட்டிருக்கிறாள். அவளும் இதைப் படிப்பாள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். தினமும் காலை ஆறு மணிக்கு ஷெட்யூலர், அதாவது நேரம் பார்த்து வேலைகளை ஓட்டும் நிரல், விழித்துக்கொள்ளும். திருப்பதியிலும் சித்தூரிலும் அன்று மருந்து வாங்க வரவேண்டிய குழந்தைகளின் பட்டியலை எடுக்கும். டாக்டர் பதிவு செய்த அளவைப் பார்த்து ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சீட்டு தயாரிக்கும். எந்த மருந்து, எவ்வளவு, எந்த நேரத்தில், எந்தத் தேதி வரை. தெலுங்கா, தமிழா, ஆங்கிலமா, பெற்றோர் எந்த மொழி கேட்டிருக்கிறார்களோ அந்த மொழியில். எட்டு மணிக்குள் இரண்டு ஊர் பார்மசியிலும் அச்சாகிக் கிடக்கும். மருந்துப் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த வேலையை ஜாப் என்போம், அது ஓடுவது கன்டெய்னர் என்ற ஒரு மூடிய பெட்டிக்குள். ஷெட்யூலரோடு வரும் பொதுவான இமேஜில், அதாவது அந்தப் பெட்டிக்குள் இறங்கும் மென்பொருள் கட்டில், நமக்கு வேண்டியது பாதி இருக்காது. அதனால் அதன் மேல் நம்முடைய இமேஜை நாமே கட்டிக்கொள்கிறோம். வெளியூர் போகிறவர் பை கட்டுவது மாதிரிதான். போகிற இடத்தில் கடை எதுவும் கிடையாது. பையில் இல்லாதது அங்கே இல்லை.

எங்கள் பை வருடக் கணக்கில் உப்பிக்கொண்டே வந்தது. யாரோ எதற்கோ ஒன்றைச் சேர்ப்பார்கள். எடுப்பவர் யாரும் இல்லை. திருப்பதியில் அது தெரியவில்லை. சித்தூர் கிளைக்கு வரும் இணைய லைன் மெலிந்த லைன். ஒரு மழைநாள் காலை, சித்தூர் மெஷினை மாற்றியிருந்ததால் இமேஜ் முழுவதும் புதிதாக இறங்க வேண்டியிருந்தது. பத்தரை மணிக்கும் இறங்கி முடியவில்லை. சித்தூர் பார்மசியில் பல வருடமாக இருக்கும் அக்கா போன் செய்தார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அக்கா என்பேன், அவர் மேடம் என்பார்.

"மேடம், உங்க இமேஜு இன்னா புள்ளத்தாச்சியா? இவ்ளோ மெதுவா வருது. இங்க ஜனம் வாசல் வரிக்கும் நின்னுகினு கீது."

"இன்னும் கொஞ்ச நேரம் அக்கா."

"நீங்க கொஞ்ச நேரம்னு சொல்லிக்கினே இருங்க. நான் கைலயே எழுதிக் குடுத்துட்டேன், பாதிக்கு மேல முடிஞ்சிச்சி."

அந்தக் கேலி எனக்கு உறைத்தது. இமேஜை இளைக்க வைப்பது என்று உட்கார்ந்தேன். இரண்டு வாரம் அதே வேலை. உங்களுக்கும் ஒரு நாள் அந்த ருசி பிடிக்கும், அதனால்தான் சொல்கிறேன். ஒன்றை எடுப்பது, கட்டுவது, ஓட்டிப் பார்ப்பது. ஓடினால் இன்னொன்றை எடுப்பது. ஒன்றே முக்கால் ஜிபி இருந்தது நானூறு எம்பிக்குக் கீழே வந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

எடுத்தவற்றில் எழுத்துருக்களும் இருந்தன. உலகத்தில் உள்ள எல்லா மொழி எழுத்துகளும் ஒரே மூட்டையாக உள்ளே கிடந்தன. சீன எழுத்தும் அரபு எழுத்தும் சித்தூரில் யாருக்கு? மூட்டையைத் தூக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப வைத்தேன். தெலுங்கு வைத்தேன். ஆங்கிலம் கூடவே இருந்தது.

நான் தமிழ்க்காரி. சித்தூர் ஜில்லாவில் பாலசமுத்திரம் பக்கத்து ஊர். பத்தாவது வரை தமிழில் படித்தவள். வீட்டில் பேசுவது தமிழ், கனவு வருவதும் தமிழ். ஆனால் இருபது வருடம் அலுவலகத்தில் தெலுங்கிலேயே பேசி, தெலுங்கிலேயே சண்டை போட்டு, தெலுங்கிலேயே சிரித்துப் பழகியிருந்தேன். சோதனைக்கு நாங்கள் வைத்திருந்த கற்பனைக் குழந்தைக்கும் தெலுங்குதான் மொழி, பக்கத்து மேசைக்காரர்களும் படித்துச் சரிபார்க்க வேண்டுமே என்று நானே அப்படி வைத்திருந்தேன். சீட்டு அழகாக வந்தது. வேறு ஊர்க்காரர் ஒருவர் இந்த இமேஜைக் கட்டியிருந்தால், இங்கே எத்தனை மொழி என்று முதலில் கேட்டிருப்பார். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நான் யாரையும் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை புதிய இமேஜ் ஏறியது. ஆறு மணிக்குத் தொடங்கிய ஜாப் ஆறு பத்துக்கு முடிந்தது. ஷெட்யூலர் திரையில் இரண்டு ஊருக்கும் பச்சை. நான் டீ வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். ஒன்பது மணிக்கு மேல் பார்மசி அக்கா போன் செய்தார்.

"மேடம், சீட்டுல கட்டம் கட்டமா வருது."

"எல்லாத்துலயுமா?"

"இல்ல, சிலதுல."

சிலதில் என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. எந்தச் சிலதில் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு சீட்டைப் படம் பிடித்து அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தால் போதும், அரை நிமிட வேலை. நான் திரையைப் பார்த்தேன். பச்சை. திருப்பதியில் அச்சான ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தேன், தெலுங்கு, நன்றாக இருந்தது. சித்தூர் பிரிண்டர் பழையது.

"பிரிண்டர் பிரச்சினை அக்கா. ஆஃப் பண்ணி ரெண்டு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க."

"பண்ணேன் மேடம்."

"இன்னொரு வாட்டி பண்ணுங்க. சரியாயிரும்."

அவர் "சரி மேடம்" என்று வைத்துவிட்டார். அன்று கட்டமாக வந்தவற்றுக்கு அவரே கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். மறுநாள் அவருக்கு விடுமுறை. போகும்போது பலகையில் 'பிரிண்டர் கோளாறு, கணினிப் பிரிவு பார்த்தது' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். செவ்வாய்க்கிழமை இருந்தவருக்குத் தமிழ் படிக்க வராது. பலகையைப் பார்த்தார். கணினிப் பிரிவே பார்த்துவிட்டது என்றால் அவர் என்ன செய்வார்? பொட்டலத்தோடு சீட்டை வைத்து, தெலுங்கில் வாயால் இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்து அனுப்பினார்.

புதன்கிழமைகளில் நான் சித்தூர் கிளையிலேயே மாடியில் உட்கார்ந்து வேலை செய்வேன். பத்து மணிக்குப் பார்மசி அக்கா படியேறி வந்தார். அவர் மாடிக்கு வந்து நான் பார்த்ததே இல்லை, முட்டி வலி. மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டு சீட்டுகளை என் கீபோர்டின் மேல் வைத்தார்.

"பிரிண்டர் மேல பழி போடாதீங்க மேடம். இது தெலுங்கு சீட்டு, நல்லா கீது. இது தமிழ் சீட்டு, கட்டம். ரெண்டும் ஒரே பிரிண்டர்ல, ஒண்ணு பின்னால ஒண்ணு வந்துது. யாரு தமிழ்க்காரங்க, யாரு தெலுங்குக்காரங்கன்னு பிரிண்டருக்குப் பாக்கத் தெரியுமா?"

இரண்டாவது சீட்டைப் பார்த்தேன். மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. எண்கள் இருந்தன. மற்ற இடமெல்லாம் சின்னச் சின்னச் சதுரங்கள், வரிசை வரிசையாக. எழுத்துரு இல்லாதபோது ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு காலிக் கட்டம் வரும் என்பது நம் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பிழை என்று கணினி நினைக்காது. சீட்டு தயாரானதா, தயாரானது. ஜாப் முடிந்ததா, முடிந்தது. அதனால் பச்சை.

பழைய இமேஜை நான் சித்தூர் மெஷினிலும் அழிக்காமல் வைத்திருந்தேன். அந்த ஒரு நல்ல பழக்கம் காப்பாற்றியது. பத்து நிமிடத்தில் அதைத் திரும்ப ஏற்றி, அன்றைய தமிழ்ச் சீட்டுகளை மறுபடி அச்சடித்தேன். திருப்பதியில் இருந்த எங்கள் பிரிவுத் தலைவருக்குப் போன் செய்து சொன்னேன். நல்ல மனிதர், சட்டென்று பதறாதவர்.

"அயிப்போயிந்தி மேடம், முடிந்தது முடிந்துவிட்டது, இனி என்ன? எல்லாம் சரியாகிவிட்டது. யாரும் புகார் கொடுக்கவில்லையே" என்றார் தெலுங்கில்.

மெஷின் சரியாகிவிட்டது என்பது உண்மை. எனக்கும் அந்த நிமிடம் ஒரு நிம்மதி வந்தது, அதை மறைக்கவில்லை. எழுத்துரு எப்படி விடுபட்டது என்று தேடவும் ஆரம்பித்துவிட்டேன். பார்மசி அக்கா இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், திங்கக்கெழம நான் கைல எழுதிக் குடுத்தேன். நேத்து யாரு எழுதுனாங்க?"

தேடுவதை அப்படியே விட்டேன். செவ்வாய்க்கிழமை பட்டியலை எடுத்தேன். சித்தூரில் தமிழ்ச் சீட்டு வாங்கியவர்கள் பதினோரு பேர். திருப்பதியில் இரண்டு நாளில் நான்கு பேர், அதைத் தலைவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பதினோரு பெயரையும் எடுத்துக்கொண்டு கீழே டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினேன். குழந்தைகளின் வலிப்பு நோய்க்கு வைத்தியம் பார்ப்பவர். நான் எழுத்துருவில் தொடங்கி விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். உங்கள் பெட்டியில் என்ன ஆயிற்று என்பதை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன், எந்த வீட்டில் தப்பான மருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று முதலில் பார்ப்போம் என்றார். பட்டியலை வாங்கிப் பேனாவால் கோடு போட்டார். ஏழு பேருக்குச் சளி, சத்து மருந்து, பழைய அளவே தொடர்வது. அவர்களுக்கு மெதுவாகச் சொன்னால் போதும். நான்கு பேருக்குச் செவ்வாய்க்கிழமைதான் புதிய மருந்து தொடங்கியிருக்கிறது. இந்த நான்கும் இப்போதே.

எனக்குப் பயம் வந்தால் நான் மெஷினைப் பார்ப்பேன். அவர் பட்டியலைப் பார்த்தார். அந்த அறையில் நான் கற்றுக்கொண்டது அதுதான்.

மூன்று வீட்டில் போன் எடுத்தார்கள். ஒருவர் சீட்டு புரியாமல் பக்கத்து மருந்துக் கடையில் கேட்டிருக்கிறார். இருவர், பார்மசியில் தெலுங்கில் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நான்காவது, பாலசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஆறு வயதுப் பெண் குழந்தை, வலிப்பு. காலை அரை மாத்திரை, இரவு அரை மாத்திரை என்று புதிதாகத் தொடங்கியது. போன் அணைந்திருந்தது. ஐந்து முறை அடித்தேன்.

என் மகளுக்கும் ஐந்து வயதில் வலிப்பு வந்தது. ஒன்பது வயதில் போய்விட்டது. இப்போது திருப்பதியில் காலேஜில் படிக்கிறாள். ஆனாலும் அவள் போனை எடுக்க ஒரு நிமிடம் தாமதித்தால் என் மனசு எங்கெங்கோ போய்விடும். அந்த மருந்தை அரை அரையாக உடைப்பது, நேரம் பார்ப்பது, கொடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வருவது எல்லாம் எனக்குத் தெரியும். சீட்டை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தோம். அதைப் பார்க்காமல் நானும் என் கணவரும் ஒரு வேளை கூடக் கொடுத்ததில்லை.

டாக்டரம்மா ஆம்புலன்ஸையும் ஒரு நர்ஸையும் அனுப்பினார். நானும் போகிறேன் என்றேன். நீங்கள் போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நர்ஸுக்குத் தெலுங்கும் மலையாளமும்தான் வரும், தமிழ் பேச ஆள் வேண்டும் என்றேன். அது காரணம்தான். உட்கார்ந்திருக்க முடியாது என்பதும் காரணம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். மாந்தோப்புகளுக்கு நடுவே ரோடு போகும், நான் சின்ன வயதிலிருந்து பார்த்த ரோடு. அன்று ஒரு மரம் கூட என் கண்ணில் படவில்லை. வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை, ஆம்புலன்ஸைப் பார்த்ததுமே ஒருவர் முன்னால் சைக்கிளில் வழி காட்டிப் போனார்.

அந்த அம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். ஆம்புலன்ஸைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"யாருக்கு இன்னா ஆச்சி? பாப்பாவோட நைனாவுக்கா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. ஆசுபத்திரியில இருந்து வரோம். போன் போகலன்னு வந்தோம். பாப்பா எங்க?"

"செல்லு அவுரு எடுத்துக்கினு போயிட்டாரு. கம்பெனில ஆஃப் பண்ணித்தான் உள்ள உடுவாங்க. பாப்பா தூங்குது. நேத்து ராத்திரில இருந்து தூங்கிக்கினே கீது. ஸ்கூலுக்கும் போகல. புது மாத்திரை, அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நர்ஸ் உள்ளே போய்விட்டார். நான் அந்த அம்மாவிடம் சீட்டைக் கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த தேதிக் காலண்டரின் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

மேலே, 'குழந்தையின் பெயர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டங்கள். அந்தக் கட்டங்களுக்குள் ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்தாக, நீல மையில், குழந்தையின் பெயரை எழுதியிருந்தார். மீதிக் கட்டங்களில் தகப்பன் பெயர். கீழே மாத்திரையின் பெயர், அரை என்ற எண், அதற்குப் பக்கத்தில் நான்கு கட்டம், ஒரு இடைவெளி, மறுபடியும் நான்கு கட்டம். காலை என்ற சொல்லுக்கு, எழுத்தும் துணைக்குறியுமாக, நான்கு. இரவு என்ற சொல்லுக்கு நான்கு. அந்த எட்டில் ஐந்து கட்டத்துக்குள் அழகாக டிக் போட்டிருந்தது.

"இது என்னம்மா?"

"மண்டல் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கற பாரத்துல அப்பிடித்தான கட்டம் இருக்கும், ஒண்ணொண்ணுல ஒரு எழுத்து. அதான் பேரு எழுதுனேன். இது மாத்திரை குடுத்தா டிக் போடறதுக்கு. ஒரு நாளைக்கி நாலு, அடுத்த நாளைக்கி நாலு. நேத்து மத்தியானம் வந்து ஆரம்பிச்சேன், ராத்திரிக்குள்ள மூணுதான் குடுக்க முடிஞ்சிச்சி. காலைல ரெண்டு."

"பார்மசியில ஒண்ணும் சொல்லலையா?"

"அவுரு தெலுங்குல இன்னாவோ சொன்னாரு. ஒரே கூட்டம், காதுல உழல. சீட்டுதான் கீதேன்னு வந்துட்டேன்."

இரண்டு வேளை கொடுக்க வேண்டியதை நான்கு வேளை. டாக்டரம்மா போனிலேயே இருந்தார். அடுத்த வேளை கொடுக்க வேண்டாம், குழந்தையை எழுப்புங்கள், மூச்சைப் பாருங்கள், பேசுகிறாளா, நடக்கிறாளா பாருங்கள் என்றார். நர்ஸ் எழுப்பினார். எழவில்லை. கன்னத்தைத் தட்டினார். காலைத் தடவினார். அது எத்தனை நொடி என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா என் கையைப் பிடித்திருந்தார், நான் அவர் கையைப் பிடித்திருந்தேன்.

பாப்பா கண்ணைத் திறந்து, எரிச்சலோடு நர்ஸின் கையைத் தள்ளியது.

"உன் பேரு இன்னா கண்ணு?" என்று நான் கேட்டேன்.

என் கையில் இருந்த சீட்டைப் பார்த்தது. "அதுல எழுதிக்கிதே. படிக்கத் தெரியாதா உனுக்கு?"

நர்ஸுக்கு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் சிரித்துவிட்டார். தூக்கி நிறுத்தினால் நடந்தது, கொஞ்சம் தள்ளாடியது. மூச்சும் நாடியும் சரியாக இருந்தன. ஆனாலும் கொண்டு வந்துவிடுங்கள், சாயங்காலம் வரை கண்ணெதிரே இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா.

ஆம்புலன்ஸில் ஏறும் முன் தலைவர் எனக்குப் போன் செய்தார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லுங்கள், மற்றதை நாம் யோசித்துச் சொல்லலாம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் பயம். ஆனால் அந்த அம்மா என் எதிரில் உட்கார்ந்து, மடியில் குழந்தையின் தலையை வைத்துக்கொண்டு, தான் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அது முகத்திலேயே தெரிந்தது. அந்த யோசனை எத்தனை வருடம் கூடவே வரும் என்று எனக்குத் தெரியும். என் மகள் விஷயத்தில் நானும் அப்படி யோசித்தவள்.

"அம்மா, தப்பு உங்களோடது இல்ல" என்றேன். "சீட்டு தப்பு. அந்தக் கட்டம் எல்லாம் தமிழ் எழுத்தா வந்திருக்கணும். அதை வரவெக்கிற வேலை என்னோடது. நான்தான் விட்டுட்டேன். திங்கட்கிழமையே ஒருத்தங்க சொன்னாங்க, நான் கேக்கல."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எழுதப் படிக்கத் தெரியாதவங்கதான் இப்பிடிப் பண்ணுவாங்கன்னு நெனப்ப நீ. நான் ஒம்போதாவது வரிக்கும் படிச்சிக்கிறேன். பேப்பர்ல இன்னா எழுதிக் குடுத்தாலும் படிப்பேன். படிக்கத் தெரிஞ்சவ கைல கட்டத்தக் குடுத்தா, அவ இன்னா பண்ணுவா?"



சாயங்காலம் நான்கு மணிக்குப் பாப்பா இட்லி கேட்டது. இரண்டு தின்றுவிட்டு மூன்றாவது வேண்டாம் என்று அழுதது. அது அழுத அழுகையைக் கேட்டுத்தான் பார்மசி அக்கா கீழே உட்கார்ந்தார், அதுவரை நின்றுகொண்டே இருந்தாராம். ஐந்து மணிக்கு அதன் தகப்பனார் வந்தார். டாக்டரம்மா அவர்கள் இருவரிடமும் மறுபடி எல்லாவற்றையும், எங்கள் தவறையும் சேர்த்து, சொன்னார். தலைவரும் திருப்பதியிலிருந்து வந்து பக்கத்தில் நின்றார். பாப்பாவின் தகப்பனார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மத்த பசங்களுக்கு?" எல்லாரையும் பார்த்துவிட்டோம் என்று சொன்னோம். தலையசைத்தார். அவர்களை வீட்டில் விட்டுவர ஆம்புலன்ஸ் போனது. நான் மாடிக்குப் போய் என் மகளுக்குப் போன் செய்தேன். "அம்மா, லைப்ரரில கீறேன், அப்பறம் பேசறேன்" என்று ரகசியக் குரலில் சொல்லி வைத்துவிட்டாள். அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் தமிழ் எழுத்துருவைச் சேர்த்து இமேஜைக் கட்டினேன். எடை கூடியது இரண்டு எம்பி கூட இல்லை. சோதனைக் குழந்தைகள் இப்போது மூன்று பேர், மொழிக்கு ஒருவர். எழுத்துரு இல்லையென்றால் ஜாப் சிவப்பாகி நிற்கும்படியும் செய்திருக்கிறேன். இவையெல்லாம் ஆவணத்தில் உள்ளன. ஆனால் இவை எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்ட ஒரு தவறுக்கு நான் போட்ட பூட்டு. அடுத்த தவறு எதுவென்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எதை எடுத்தோம் என்று நினைவிருக்கும், எது இல்லாமல் போனது என்று உள்ளே இருந்து பார்த்தால் தெரியாது. சீட்டை யார் கையில் வாங்குகிறார்களோ அவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால் ஒரு வழக்கம் வைத்தோம். அதை வைத்தது நான் இல்லை, பார்மசி அக்கா. புதிய இமேஜை ஏற்றும் முன் அதில் சில சீட்டுகளை அச்சடித்து அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் போனில் அவற்றை வாய்விட்டுப் படிப்பார், நாம் கேட்க வேண்டும். ஏழெட்டு நிமிடம் ஆகும். முதலில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது மாதிரி. இரண்டாவது முறையே, ஒரு தெலுங்குச் சீட்டில் தேதி அடுத்த வருடத்துக்குத் தாவியிருந்ததை அவர் வாய் கண்டுபிடித்தது. அளவுக்குப் பக்கத்தில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் படமாக வர வேண்டும் என்று சொன்னதும் அவர்தான்.

என் கடைசி வாரத்திலும் ஒரு இமேஜ் ஏற வேண்டியிருந்தது. போன் செய்தேன். இரண்டு தெலுங்குச் சீட்டு, ஒரு ஆங்கிலச் சீட்டு படித்து முடித்தார்.

"கடைசியா ஒரு தமிழ் சீட்டு மேடம். வேணும்னே இத எடுத்து வெச்சிக்கிறேன். பாலசமுத்திரம் பாப்பா. நாளைக்கி வருது. படிக்கட்டுமா?"

"படிங்க அக்கா."

பெயரைப் படித்தார். மாத்திரையின் பெயரைப் படித்தார். "காலை அரை. இரவு அரை" என்று படித்தார்.

"கீழ இன்னா போட்டுக்கிது தெரியுமா? 'மருந்து அளவில் மாற்றம் இல்லை.'"

வலிப்பு வந்த குழந்தையை வளர்த்தவர்களுக்கு அந்த நான்கு சொற்களும் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இடையில் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடம் போகிறாள், சண்டை போடுகிறாள், தூங்குகிறாள் என்று அர்த்தம்.

"இன்னொரு வாட்டி படிங்க அக்கா" என்றேன்.

"இன்னா மேடம், சரியா வந்துக்கிதே."

"தெரியும். படிங்க."

அவர் படித்தார். நான் கேட்டேன். பிறகு இமேஜை ஏற்றினேன்.